வாசலில் இருந்த பெயர்

கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக்.

முப்பது வருடங்களுக்கு முன்னால், அண்ணன் மனைவி உமையம்மையின் முன்னறையில் இந்திராணி கேட்ட சத்தம் அது. மெல்லிய சதுரத் தகடு ஒன்றைக் கணினி வாய்க்குள் வாங்கி மெல்லும் சத்தம். பிளாப்பி என்பார்கள். மென்று முடித்ததும் உமையம்மை அதை வெளியே எடுத்து, நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டி, நீல மையில் எழுதுவாள்: இந்திராணி கணக்கு, ஒன்று. அடுத்த தகட்டில், இந்திராணி கணக்கு, இரண்டு.

"உங்க பேரையும் எழுதுங்க மதினி. பாதிக் கணக்கு நீங்க யோசிச்சதுதான?" என்று இந்திராணி ஒருநாள் சொன்னாள்.

"நீ டீச்சர். ஒன் பேரு இருந்தாத்தான் நாலு பேரு வாங்குவாங்க. கரண்டு ஆபீஸ்ல டைப் அடிக்கவ பேரப் பாத்து யாரு கணக்குப் படிப்பா?"

உமையம்மை சிரித்தபடிதான் சொன்னாள். இந்திராணியும் சிரித்தாள். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை. 'நூறு புதிர்க் கணக்குகள்' என்ற அந்தப் புத்தகம் அட்டையில் ஒற்றைப் பெயரோடு வந்தது, விற்றது, தீர்ந்தது.

காலம் போயிற்று. இந்திராணியின் அண்ணன் இறந்தபின், மதினி புனேயில் மகன் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது தன் மடிக்கணினியை நாத்தனாரின் மேஜையில் வைத்தாள். "கண்ணு மங்கிட்டு. எனக்கு இனி எதுக்கு? நீ அந்தப் புத்தகத்தத் திருத்தி எழுது." கூடவே, தன் கையால் எழுதிய ஒரு தாளும் தந்தாள்.

இப்படியாகப் பாளையங்கோட்டையில், ஒரு சாப்பாட்டு மேஜையின் மேல், மூன்று பேர் ஒன்றுகூடினார்கள். ஒருவன் எலி, இந்திராணியின் பழைய கணினி மவுஸ்; கைக்குள் அடங்கி, சுட்டிய இடத்துக்கெல்லாம் ஓடுகிறவன். ஒருத்தி சிமிட்டி, திரையில் நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும் சிறு கோடு. மூன்றாமவர் உறங்கிக்கொண்டிருந்தார். கணினிக்காரர்கள் அவரைக் கிட் என்பார்கள். எழுதியது, அடித்தது, திருத்தியது எல்லாவற்றையும் நாள்வாரியாக நினைவில் வைத்திருப்பவர். இந்தக் கதையில் அவர் பெயர் சாட்சி.

தாளில் இருந்தபடி இந்திராணி, கட்டளைகளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். அங்கே படம் இல்லை, பொத்தான் இல்லை. இருட்டில் சிமிட்டி மட்டும்.

"டீச்சர், இங்க எனக்கு ஒரு வேலையும் கிடையாது," என்றான் எலி. "வழி தெரியாத வீட்டுக்குள்ள விளக்கில்லாமப் போறீங்க. இருபது வருசமா ஒங்க கைக்குள்ளயே கிடந்தேன். அந்த விசுவாசம்கூட இல்ல."

"கொஞ்சம் சும்மா இரு," என்றாள் சிமிட்டி. "அவங்க எழுத்தக் கூட்டுறாங்க."

இந்திராணி ஒற்றை விரலால் அடித்தாள். கிட், இடைவெளி, இனிட். இங்கே தொடங்கு என்று அதற்கு அர்த்தம்.

சாட்சி விழித்தார். "வந்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானாக எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். எதைக் காக்க வேண்டுமோ அதை என் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தபின், என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அப்போதுதான் முத்திரை வைப்பேன்."

"அலட்டலப் பாரு," என்றான் எலி.

தாளின் மூன்றாவது வரியில் மதினி எழுதியிருந்தாள்: "மொத தடவ நீ யாருன்னு கேக்கும். பேரச் சொல்லிரு." இந்திராணி காத்திருந்தாள். சாட்சி கேட்கவில்லை. ஆட், அதாவது சேர்த்துக்கொள், என்றதும் வாங்கிக்கொண்டார். கமிட், அதாவது பதிவு செய், என்றதும், அவள் சொன்ன ஒரு வரியோடு முத்திரை வைத்தார். நம்மைத் தெரிந்திருக்கிறதாக்கும் என்று இந்திராணி கொஞ்சம் பூரித்துக்கூடப் போனாள்.

நான்கு மாதங்கள் அப்படியே போயின. காலையில் இட்லித் தட்டை நகர்த்திவிட்டு உட்காருவாள். பழைய கணக்குகளில் பைசாவைத் தூக்கினாள், படியை லிட்டராக்கினாள். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: "பன்னிரண்டாம் கணக்கில் விடை தப்பு, திருத்தினேன்." "மழை. இன்று ஒரே ஒரு காற்புள்ளி." சாட்சி காற்புள்ளியையும் அதே மரியாதையோடு வாங்கி வைத்தார்.

ஒருநாள் முப்பத்தேழாவது கணக்கை அவள் நீக்கினாள். திருநெல்வேலியிலிருந்து ஒரு பஸ், நாகர்கோவிலிலிருந்து ஒரு பஸ். இரண்டும் நாங்குநேரியில் சந்திக்கும்போது கண்டக்டர்கள் தூக்குச்சட்டி மாற்றிக்கொள்வார்கள். ஒருவருக்கு மற்றவர் மனைவியின் சமையல். எந்த பஸ் எத்தனை நிமிடம் முந்தி வந்தால் சோறு ஆறாமல் இருக்கும்? இப்போது பஸ் எல்லாம் புறவழியில் பறக்கிறது, யாருக்குப் புரியும் என்று எடுத்துவிட்டாள்.

பதிப்பகத்து காஜா மைதீன் மறுவாரம் போன் செய்தார். "டீச்சர், போல்டர அப்படியே அனுப்பிருங்க. யார் யார் எழுதினதுன்னு லாக்ல இருக்கும்லா, அட்டைக்கும் அதையே எடுத்துக்கிடுதோம். அப்புறம், எங்க வாப்பா அந்தத் தூக்குச்சட்டிக் கணக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. அது இருக்கும்லா?"

"இருக்கும்," என்றாள் இந்திராணி.

போனை வைத்ததும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, "முப்பத்தேழு வேண்டும்," என்றாள்.

"பத்திரமாக இருக்கிறது. எந்த நாளுக்குப் போக வேண்டும் என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று சாட்சி லாக் என்னும் அந்தப் பட்டியலை விரித்தார். நூற்றுப் பதினான்கு நாட்கள். ஒவ்வொன்றின் கீழும் அவள் சொன்ன வரி. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் பெயர்.

உமையம்மை. உமையம்மை. உமையம்மை.

இந்திராணி பட்டியலைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். எலிதான் கொதித்தான். "இது என்ன அநியாயம்? நாலு மாசம் முதுகு வலிக்க ஒக்காந்தது யாரு?"

"பெயர் இந்தக் கணினியின் வாசலிலேயே எழுதியிருந்தது," என்றார் சாட்சி. "பழைய எஜமானி முதல்நாள் எழுதியது. அதனால்தான் நான் உங்களைக் கேட்கவில்லை."

இந்திராணி புனேக்குப் பேசினாள். மதினி விஷயத்தைக் கேட்டுவிட்டு இருமலும் சிரிப்புமாகச் சொன்னாள், "அடக் கடவுளே, அந்த மிஷின்ல என் பேரு கிடக்கத மறந்தே போனேன் பாரு. மாத்திரு இந்திராணி. பழசு பூராத்தையும் மாத்தவும் வழி இருக்கு. சொல்லுதேன், எழுதிக்கோ."

சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மதினிக்கு இடையிடையே மூச்சு வாங்கியது.

"அவங்களே சொல்லிட்டாங்க," என்றான் எலி. "அடிங்க டீச்சர். இல்லன்னா அட்டையில ஒங்க பேரே வராது."

இந்திராணி சாட்சியைக் கேட்டாள். "நிஜமாகவே எல்லாவற்றையும் மாற்ற முடியுமா?"

"முடியும். நூற்றுப் பதினான்கையும் மாற்றித் தருவேன். அதன்பிறகு நான் சாட்சி இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறவன்."

சிமிட்டி காத்திருந்தாள். அந்தக் கண் அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்திருந்தபோது இந்திராணிக்குப் பழைய சத்தம் கேட்டது. கர்ர்ர்... டக். நீல மையில் தன் பெயர் மட்டும் எழுதிய தகடுகள் பதினொன்று. அன்று மதினி வேண்டாம் என்று சொன்ன அந்தப் பதிலுக்காகவே தான் காத்திருந்தது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தாளில் எழுதியதைப் பாதி மட்டும் அடித்தாள். வாசலில் இருந்த பெயரை மாற்றும் பாதி. பழையதைத் திருத்தும் பாதியை விட்டுவிட்டாள். முப்பத்தேழாம் கணக்கை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். சாட்சியின் கையில் கொடுத்தாள்.

"ஒரு வரி சொல்லுங்கள்," என்றார் சாட்சி.

"நாங்குநேரிக் கணக்கு மதினி போட்டது. எடுத்தது தப்பு. திரும்ப வைத்தேன்."

முத்திரை விழுந்தது. நூற்றுப் பதினைந்தாவது வரியின் மேல், முதல் தடவையாக, இந்திராணி என்று இருந்தது.

எலி அந்த வரிக்கு ஓடி வந்து பார்த்தான். பிறகு, "ஒரே ஒரு வரியா?" என்றான்.

"போதும்," என்றாள் சிமிட்டி.

காஜா மைதீன் சொன்னபடியே லாகைப் பார்த்து அட்டையைப் போட்டார். உமையம்மை என்று மேலே. இந்திராணி என்று கீழே. புத்தகம் ஆவணியில் வந்தது.

உமையம்மை ஆனியிலேயே புனேயில் இறந்துபோயிருந்தாள்.