தட்டாமல் விட்ட இலை

குளக்கரை நாவல் மரத்தில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. பச்சை இலைகளை இழுத்து மடித்து, தங்கள் குழந்தைகளின் வாயில் வரும் நூலால் தைத்து, பந்து பந்தாக வீடு கட்டியிருந்தன.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்நியப் பூச்சி எது ஏறினாலும் காவல்காரி அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஓர் இலைக்குள் போட்டு மடித்துத் தைக்க வேண்டும். பிறகு காலால் இலையை மூன்று தட்டுத் தட்ட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் புளிநீர்க்காரிகள் வருவார்கள். தங்கள் வயிற்றில் இருக்கும் புளிநீரை இலைக்குள் பீய்ச்சுவார்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் வெறும் தோலாகிவிடும்.

சூரம்மா என்று ஒரு காவல்காரி. அவள் பிடியிலிருந்து எந்தப் பூச்சியும் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் காலையில் ஒரு சின்னப் புழு மரத்தில் ஏறியது. முதுகெல்லாம் வெள்ளை மெழுகு. சூரம்மா பாய்ந்து கவ்வினாள். புழு துள்ளவில்லை, நெளியவில்லை. தோளில் போட்ட பிள்ளை மாதிரி பேசாமல் வந்தது. அதற்கு வேண்டியதே அதுதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இலைக்குள் போட்டுத் தைத்தாள். தட்டுவதற்குக் காலைத் தூக்கினாள்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றது உள்ளே இருந்து ஒரு குரல். "என் பேரு மெழுகன். ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன்."

"என்ன?"

"இத்தனூண்டு புழுவுக்கா புளிநீர்க்காரிகளைக் கூப்பிடப் போறீங்க? சூரம்மாவுக்கு ஒரு புழுவைக் கொல்லப் பத்துப் பேரு வேணுமான்னு சிரிக்க மாட்டாங்களா?"

சூரம்மா தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. தட்டவும் இல்லை.

"நான் எங்கே போகப் போறேன்? நாலு பக்கமும் தைச்சாச்சு. வாசல்ல நீங்க இருக்கீங்க. காத்து இல்லாம, சோறு இல்லாம நானே செத்துப் போயிடுவேன். எதுக்கு வீண் சத்தம்?"

அது சரியாகத்தான் பட்டது. சூரம்மா காலை மடக்கிக்கொண்டாள்.

வழியில் ஒருத்தி கேட்டாள். "என்ன சூரம்மா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள் சூரம்மா.

மெழுகன் சாகவில்லை. இலையை உள்ளிருந்தே சுரண்டித் தின்றான். அவசரமே படவில்லை. சில நாளில் ஒருவன் இருவரானான். பிறகு நால்வர். எல்லார் முதுகிலும் மெழுகு.

சூரம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இப்போது தட்டினால், அன்றைக்கு ஏன் தட்டவில்லை என்று கேட்பார்களே? வெளியே யாருக்கும் தெரியாமல் அந்த இலைக்கே காவல் இருந்தாள். தன் பங்குத் தேனில் பாதியை உள்ளே தள்ளிவிட்டாள். அப்போதாவது சத்தம் போடாமல் இருப்பார்கள் அல்லவா?

நாளாக நாளாக அவள் மெலிந்தாள். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுட்டது. பாதிக் கிளை ஏறுவதற்குள் இளைத்தது. யாராவது கேட்டால், "வெயில் ஒத்துக்கலை" என்பாள்.

பக்கத்து இலைவீட்டில் நாற்பது குழந்தைகள் இருந்தன. அவற்றை வளர்ப்பவள் பவுனு. கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். யாராவது அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாலே உணர்கொம்புகள் இரண்டும் தொங்கிவிடும். ஆனால் எந்தக் குழந்தை எப்போது பசிக்கு அழும், எது பொய்க்கு அழும் என்று அவளுக்கு அத்துப்படி.

ஒரு காலையில் ஓரத்தில் படுத்திருந்த குழந்தை வாயைத் திறக்கவில்லை. பவுனு ஊட்டிப் பார்த்தாள். வழிந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால், குழந்தைக்குப் பின்னால் சுவரில் ஊசி முனை அளவு ஓட்டை. அந்தப் பக்கம் சூரம்மா காவல் இருக்கும் இலை.

பவுனு போய் நின்றாள்.

"அக்கா, இந்த இலைக்குள்ள யாரு?"

"யாருமில்லை. காலி இலை."

"காலி இலை மெல்லுமா அக்கா?"

சூரம்மா இலையை உடம்பால் மறைத்தாள். பவுனு நகரவில்லை.

"எங்க வீட்டுச் சுவத்தைத் துளைச்சிருக்கு. ஒரு பிள்ளை வாயே திறக்கலை. நீங்க சொல்லலைன்னா நானே பிரிச்சுப் பார்ப்பேன்."

இவ்வளவு நீளமாகப் பவுனு பேசி யாரும் கேட்டதில்லை. சூரம்மா உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்ப தெரிஞ்சா என்னை மரத்தை விட்டே தள்ளிடுவாங்கடி" என்றாள்.

"தள்ள வந்தா நான் உங்க காலைப் பிடிச்சுக்கிறேன். ரெண்டு பேரையும் சேர்த்துத் தள்ளட்டும்" என்றாள் பவுனு. "தட்டுங்க அக்கா."

சூரம்மா காலைத் தூக்கினாள். பவுனுவும் தன் காலை அதோடு சேர்த்து வைத்தாள். இரண்டு பேருமாகத் தட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

புளிநீர்க்காரிகளின் தலைவி காந்தாரி வந்தாள். பின்னால் பெரிய கூட்டம். விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

"இவளைப் பிடிச்சுக் கீழே தள்ளுங்க."

"இவ தொட்ட எதையும் தொடாதீங்க."

பவுனு சொன்னபடியே சூரம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். கொம்புகள் தொங்கின. ஆனாலும் பிடியை விடவில்லை.

காந்தாரி இலையைச் சுற்றி வந்து முகர்ந்தாள். "தள்ளுறதுல என்ன ஆகும்? நாளைக்கு இன்னொருத்தி வீட்டுல இப்படி நடந்தா, அவளும் பயந்து ஒளிப்பா. இப்பவாவது தட்டினாளே. போய் இலை கொண்டாங்க. இதைச் சுத்தி இன்னும் ஏழு இலை தைக்கணும். ஒரு புழுவும் வெளியே வரக்கூடாது. குழந்தைங்களை வேற வீட்டுக்கு மாத்துங்க."

ஏழு இலை தைத்தார்கள். காந்தாரி ஒரு துளை போட்டுப் புளிநீரைப் பீய்ச்சினாள்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "குளிக்க வெந்நீர் இருந்தா அதையும் ஊத்துங்க!" என்றான் மெழுகன்.

புளிநீர் அவன் முதுகில் ஒட்டாமல் உருண்டு ஓடியது.

காந்தாரிக்குக் கோபம் வரவில்லை. "மெழுகு ஒரு நாள்ல கரையாது" என்றாள். "தினம் ஊத்தினா கரையும். இந்தக் கிளையில புதுத் தளிர் வர்ற வரைக்கும் ஊத்தணும். ஒரு நாள்கூட விடக்கூடாது."

தினமும் ஊற்றினார்கள். அந்த நெடி பொல்லாதது. குழந்தைகள் முகத்தைச் சுளித்தன. சூரம்மாவுக்குக் குமட்டியது. ஆனாலும் அவளே முன்னால் நின்று துளையைப் பிடித்துக்கொண்டாள்.

சில நாளில் சிரிப்பு நின்றது. இன்னும் சில நாளில் மெல்லும் சத்தமும் நின்றது. சூரம்மாவுக்குச் சாயங்காலச் சூடு போனது. உடம்பு தேறியது. வாய் திறக்காத குழந்தை திறந்தது. ஊட்டுகிற பவுனுவின் காலையே கடித்தது.

"செத்துட்டாங்க. போதும்" என்றார்கள் எல்லாரும். புளிநீர்க்காரிகள் ஒவ்வொருத்தியாக வருவதை நிறுத்தினார்கள். காந்தாரிக்கு மரத்தின் மறுபக்கத்தில் கட்டெறும்புத் தொல்லை. அவளாலும் வர முடியவில்லை.

இலைக்குள் மெழுகன் தன் மக்களிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுங்க. பசிச்சாலும் மெல்லாதீங்க. பாதி மெழுகு போனா என்ன, மீதி இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல அவங்களுக்கு அலுத்துப் போகும். அதுக்கப்புறம் மரமே நமக்குத்தான்."

வெளியே சூரம்மாவும் அதையேதான் யோசித்தாள். "பவுனு, நான்தான் நல்லாயிட்டேனே. நிறுத்திடலாமா?"

பவுனு இலையில் கொம்பை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. கிளையின் நுனியைப் பார்த்தாள்.

"தளிர் வரலையே அக்கா."

"சத்தமே இல்லையேடி."

"பிள்ளைங்க சத்தம் இல்லாம இருந்தாத்தான் எனக்குப் பயமே. எங்கேயோ என்னத்தையோ பண்ணுதுங்கன்னு அர்த்தம்."

சூரம்மா சிரித்துவிட்டாள். அவளும் முசுறுதானே. வயிற்றில் கொஞ்சம் புளிநீர் அவளுக்கும் உண்டு. பவுனுவுக்கும் உண்டு. காவல்காரியும் பிள்ளை வளர்ப்பவளும் அதை எடுத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு பேருமே ஊற்றினார்கள். மழை பெய்த நாளிலும் ஊற்றினார்கள். பவுனு குழந்தையை வாயில் கவ்விக்கொண்டே வந்து ஊற்றிய நாளும் உண்டு.

ஒரு காலையில் கிளை நுனியில் செம்பு நிறத்தில் ஒரு தளிர் எட்டிப் பார்த்தது.

அன்றைக்கு இலைக்கட்டு காய்ந்து தானாகப் பிரிந்தது. காந்தாரியும் ஓடி வந்தாள். உள்ளே எல்லாம் வெறும் தோல். நடுவில் மெழுகன் மட்டும் சுருண்டு கிடந்தான். முதுகில் பொட்டு மெழுகுகூட இல்லை.

"உங்களுக்கு அலுக்கவே இல்லையா?" என்று முனகினான்.

"அலுத்துச்சு" என்றாள் பவுனு. "அலுத்துக்கிட்டே ஊத்தினோம்."

அதைக் கேட்டதோடு மெழுகனுக்கு மூச்சு நின்றது.

மறுநாள் சூரம்மா மறுபடியும் காவலுக்குப் போனாள். முதலில் ஏறியது ஒரு கடுகளவு பூச்சி. கவ்வினாள், தைத்தாள். "அக்கா, ஒரு சந்தேகம்" என்றது பூச்சி.

"என் தங்கச்சிங்க வர்றாங்க. அவங்ககிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு மூன்று தட்டுத் தட்டினாள்.

காசநோய்க் கிருமியும் இந்த மெழுகனைப் போலத்தான். நம் உடம்பைக் காக்கும் உயிரணு அதை விழுங்கினாலும், அந்த அணுவுக்குள்ளேயே சாகாமல் குடியிருக்கும். இருமல் நின்ற பிறகும் தூங்குவதுபோல் கிடக்கும். ஆனால் மாத்திரையை நாள் தவறாமல், மருத்துவர் சொன்ன மாதம் வரைக்கும் சாப்பிட்டால் அது போய்விடும்.

உள்ளே புகுந்த பகையை வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும், விரட்டத் தொடங்கினால் அலுத்தாலும் பாதியில் விடக் கூடாது.