முன்னால் போன குல்லா

குறும்பொறை நாட்டைப் பூபாலராயர் ஆண்ட காலத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம் இருந்தது. ராஜா தும்மினால் எத்தனை பேர் வாழ்த்த வேண்டும் என்பதற்குக்கூட ஓலை இருந்தது. அந்த ஓலைகளைக் கட்டிக் காத்தவர் மரியாதை மந்திரி சடகோபர். அவற்றின் இடுக்கில் புகுந்து வெளியே வருவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் அரண்மனை விகடகவி சாத்தப்பன். மண்டையில் ஒரு முடி கிடையாது. உள்ளே சரக்கு நிறைய இருந்தது.

ராஜாவுக்குப் பிள்ளை பிறந்தது. வேண்டிக்கொண்டபடி கூதல்மலை உச்சியில் இருக்கும் ஆண்டவரைப் போய்க் கும்பிட வேண்டும். பல்லக்கு கூடாது. அவரவர் மூட்டையை அவரவர்தான் சுமக்க வேண்டும். கூடப் போகப் பதினொரு பேர். தை மாதத்தில் அங்கே செம்பில் வைத்த தண்ணீர் கல்லாகிவிடும்.

தையற்காரர் கச்சிமுத்து இரண்டு பஞ்சு அங்கிகளைச் சபைக்குக் கொண்டுவந்தார். ஒன்றில் கழுத்தோடு சேர்த்துத் தைத்த குல்லா இருந்தது. மற்றது மொட்டை அங்கி.

சபை இரண்டாகப் பிரிந்தது.

"குல்லாதான் நல்லது. காற்றில் பறக்காது, எங்கேயும் மறந்து வைத்துவிட முடியாது" என்றார் சேனாபதி.

"ஏறும்போது வேர்க்குமே? மொட்டை அங்கி போட்டு, தலைக்குத் தனியாகத் துணி கட்டிக்கொண்டால் வேண்டியபோது அவிழ்க்கலாம். சுமையும் குறைவு" என்றார் பொக்கிஷக்காரர்.

வாய்க்கால் உடைந்ததைச் சொல்ல வந்த விவசாயிகள் வெளியே நிற்க, காலை முழுதும் இதே பேச்சு. கடைசியில் ராஜா இரண்டையும் போட்டுப் பார்த்தார்.

"எனக்குக் குல்லா வைத்தது."

"மற்றவர்களுக்கு மகாராஜா?" என்று கேட்டார் கச்சிமுத்து.

சடகோபர் தொண்டையைச் செருமினார். "ராஜாவின் கண்ணெதிரே யாரும் தலையை மூடக் கூடாது. தங்கள் பாட்டனார் போட்ட சட்டம். எல்லாருக்கும் மொட்டை அங்கி. தலைப்பாகையும் கூடாது."

சமையற்காரர் முத்துக்கருப்பன் ஓரமாக நின்று காதைத் தடவிக்கொண்டார். ராஜாவின் அப்பாவோடு அந்த மலைக்குப் போய், இடது காதின் நுனியைக் குளிருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். இந்தத் தடவையும் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. சாத்தப்பனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, இந்தச் சட்டம் குளிருக்குத் தெரியாதே" என்றான்.

"சட்டம் சட்டம்தான். மூடிய தலை என் கண்ணில் பட்டால் மொட்டையடித்துவிடுவேன்."

"எனக்கு அந்தத் தண்டனையைக் கடவுளே கொடுத்துவிட்டார். மற்றவர்களை நினைத்துக் கேட்கிறேன். தங்கள் கண்ணில் பட்டால்தானே?"

"பட்டால்தான்."

"பின்னால் வருகிறவர்களை எப்படிப் பார்ப்பீர்கள்?"

"திரும்பிப் பார்ப்பேன். எனக்குக் கழுத்து இல்லையா?"

"இருக்கிறது மகாராஜா. சௌக்கியமாக இருக்கட்டும்."

அன்று மாலையே சாத்தப்பன் கச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனான். "ராஜாவின் குல்லாவை ஒரு சாண் முன்னால் நீட்டித் தையும். பஞ்சை நன்றாகத் திணியும். தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டக் கயிறு வேண்டும். பிள்ளை பெற்ற மகராசனுக்குச் சளி பிடிக்கலாமா?"

"சரி. மற்றவர்களுக்கு மொட்டைதானே?"

"பதினொன்றும் குல்லா வைத்தது."

"ஐயோ, என் தலை போய்விடுமே."

"நீர் மலைக்கு வரப்போவதில்லை. தைரியமாகத் தையும்."

புறப்பட்ட நாளில் ராஜாதான் முன்னால் நடந்தார். ராஜாவை யாரும் முந்தக் கூடாது என்பதற்கும் ஓலை இருந்தது. பாதி மலையில் காற்று பிடித்தது. ராஜா குல்லாவை இழுத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். பின்னால் பத்துக் குல்லாக்கள் ஏறின. சடகோபர் மட்டும் சபைக்கு வந்த அந்த மொட்டை அங்கியில் தலை திறந்து நடந்தார்.

ராஜா சும்மா இருப்பாரா? திரும்பிப் பார்த்தார். கழுத்து திரும்பியது, குல்லா திரும்பவில்லை. குல்லாவின் உள்பக்கத்துப் பஞ்சுத் தையலைத்தான் பார்த்தார். சந்தேகம் வந்து உடம்போடும் திரும்பினார். முதுகில் மூட்டையோடு ஒற்றையடிப் பாதையில் அவர் திரும்புவது, தெருமுனையில் தேரைத் திருப்புகிற காரியம். முகம் இந்தப் பக்கம் வருவதற்குள் எல்லாத் தலைகளும் திறந்து பணிவாக நின்றன.

"மகாராஜா, ஏமாற்றுகிறார்கள்" என்று சடகோபர் பின்னாலிருந்து கத்தினார். அத்தனை பஞ்சைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. ஏதோ தோத்திரம் சொல்கிறார் என்று நினைத்து ராஜா தலையாட்டினார்.

சாத்தப்பன் அவரிடம் பதினோராவது அங்கியை நீட்டினான்.

"தொடமாட்டேன். சட்டம்" என்றார் சடகோபர். பத்தடி நடந்தார். "கொடு."

உச்சியில் ஆண்டவர் முன் மூட்டையை இறக்கினார் ராஜா. கும்பிடுவதற்காகக் கயிற்றை அவிழ்த்துக் குல்லாவைப் பின்னால் தள்ளினார். மூட்டை இல்லாத சுகத்தில் சட்டென்று திரும்பினார். பதினொரு குல்லாக்கள் நின்றன. முதல் குல்லாவுக்குள் சடகோபர் இருந்தார்.

"சடகோபரே, நீருமா?"

சடகோபருக்குப் பல்தான் பேசியது. ராஜா சாத்தப்பனைப் பார்த்தார். "இது உன் வேலை."

"ஆமாம் மகாராஜா. வழியெல்லாம் தங்கள் கண்ணில் மூடிய தலை ஒன்றும் படவில்லை. இப்போது பட்டுவிட்டது. மொட்டையடியுங்கள். ஆனால் அடித்து முடிகிறவரை தாங்கள் இப்படியே தலையைத் திறந்துகொண்டு எங்களைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தானே குற்றம்?"

ராஜா விறைப்பாக நின்றார். காற்று வந்து அவர் காதைக் கடித்தது. கொஞ்ச நேரத்தில் கை தானாகக் காதுக்குப் போனது. எதிரே முத்துக்கருப்பன் குல்லாவை இறக்கிவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"உமது காதுக்கு என்ன ஆயிற்று?"

"பெரிய மகாராஜாவோடு வந்தபோது போயிற்று, சாமி. இந்த இடத்தில்தான்."

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மெல்லச் சொன்னார், "பாட்டனார் போட்ட சட்டம். அதை அழிக்க எனக்குத் துணிச்சல் இல்லையே, சாத்தப்பா."

"அழிக்கவே வேண்டாம் மகாராஜா. இறங்கும்போதும் தாங்களே முன்னால் போங்கள்."

ராஜா சிரித்தார். மலை முழுதும் கேட்கிற மாதிரி சிரித்தார். சொந்தக் கையாலேயே முத்துக்கருப்பனின் குல்லாவை ஏற்றிவிட்டார். பிறகு தம் குல்லாவைப் போட்டுக்கொண்டு, அதன் கயிற்றைச் சாத்தப்பனிடம் நீட்டினார்.

"நீயே கட்டு. நன்றாக இறுக்கிக் கட்டு."