உளைச்சல் என்று ஒரு சீட்டு

கருமலை அடிவாரத்து வைத்திய மடத்தில் வாசலை ஒட்டி இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. உடம்பு நோய்க்காரர்களின் சீட்டு இடப்பக்கப் பெட்டிக்குப் போகும். அவர்களுக்குத் தைலமும் கஷாயமும் கிடைக்கும். மனசு நோய்க்காரர்களின் சீட்டு வலப்பக்கம் விழும். அவர்கள் மடத்துத் தலைவர் நச்சாடலிங்க சாமியோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள்.

சீட்டு எழுதுகிறவள் ஆவுடையம்மாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, அறுபது வயதில் சிஷ்யையாக வந்து சேர்ந்தவள். சாமிக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. அது இரண்டு பேருக்குமே உறுத்தவில்லை. எப்பேர்ப்பட்ட நோயாளியையும் ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

புரட்டாசியில் செல்லத்தாய் என்று ஒருத்தி வந்தாள். முப்பத்தாறு வயது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. புருஷன் சீனிராசு கூட வந்திருந்தான்.

"எங்கம்மா வலிக்குது?"

"எல்லா இடத்துலயும் தாயி."

"எல்லா இடத்துலயும்னா? முட்டியா, முதுகா?"

"காலையில முதுகு. மத்தியானம் தோளு. வளையல் உரசுனாக்கூட வலிக்கி. உடம்பெல்லாம் ஒரே உளைச்சல். தூங்கி எந்திரிச்சாலும் தூங்காத மாதிரியே இருக்கு."

ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்றாம். ஒன்றிலும் குறை தெரியவில்லை. மதுரையில் ஒரு டாக்டர் மட்டும் ஃபைப்ரோமயால்ஜியா என்று, உடம்பெங்கும் வலிக்கிற நோய்க்கு ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் சீனிராசுவுக்கு அந்தப் பெயர் மறந்துவிட்டது. மறந்துவிடுவது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

ஆவுடையம்மாள் வழக்கம்போல ஒரே சொல் எழுதினாள். உளைச்சல்.

செல்லத்தாய் ஊரில் அது உடம்புச் சொல். களையெடுத்துவிட்டு வந்தால் கை கால் உளைச்சல், மழை பிடித்துக்கொண்டால் முட்டி உளைச்சல். ஆவுடையம்மாள் வேலை பார்த்த பட்டணத்திலும், அவள் வாசிக்கும் செய்தித்தாளிலும் உளைச்சல் என்றால் மன உளைச்சல்தான். பத்துச் சீட்டு சேர்ந்த பிறகு பிரித்துப் போடும்போது, கேட்டதை மறந்துவிட்டு, தான் எழுதியதைப் பட்டணத்துப் பழக்கத்தில் வாசித்தாள். சீட்டு வலப்பக்கப் பெட்டியில் விழுந்தது.

சீனிராசு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மனசுப் பெட்டியா? நான் அப்பவே சொன்னேன்ல," என்றான். சாமியைப் பார்க்காமலே மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

தை மாதம் செல்லத்தாய் மறுபடி வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பாதி ஆளாகியிருந்தாள்.

"முன்னாடி நம்பாம இருந்தாங்க தாயி. அதுகூடப் பரவால்ல. இப்ப மடத்துலயே சொல்லிட்டாங்க, நடிப்புதான்னு ஊரே பேசுது. நான் முனகுனா எம் மக சிரிக்கா. என்னை மாதிரியே முனகிக் காமிச்சுச் சிரிக்கா. ஆறு வயசு. அவ என்ன செய்வா, பெரியவங்க சிரிக்கிறதப் பாத்துதானே."

ஆவுடையம்மாள் உடனே எழுந்தாள். பழைய சீட்டுக் கட்டைப் பிரித்துத் தேடினாள். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அன்று என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது.

புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு சீனிராசு வந்தான்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. உடம்பா, மனசா? உடம்புன்னா கடைசி வரைக்கும் நான் பாக்கேன். மனசுன்னா அவ அண்ணன் வீட்டுல போய் இருக்கட்டும். புள்ள எங்கிட்ட இருக்கும்."

"தாயையும் பிள்ளையையும் பிரிக்கலாமாய்யா?"

"மூத்த பையன் கண்மாயில முங்கிச் செத்துப்போனான். அவளுக்கு மட்டுமா புள்ள? எனக்குந்தான் புள்ள. எனக்கு வலிக்கலியே!"

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஆவுடையம்மாள் நாலு வார்த்தை திட்டியாவது இருப்பாள்.

"இருங்க, சாமிகிட்டக் கேட்டுட்டு வாரேன்," என்று பழைய சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சாமி முற்றத்தில் வேர்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். உளைச்சலைத் தான் வாசித்த விதம், புருஷன் கேட்கிற கேள்வி, முனகினால் மகள் சிரிப்பது, எதையும் விடவில்லை.

"எப்ப ஆரம்பிச்சுதாம்?"

"நாலு வருசம் முன்னால. சிக்குன்குனியாவுல படுத்திருக்கா. அவ படுத்திருந்தப்பதான் மகன் கண்மாய்க்குப் போயிருக்கான். காய்ச்சலால வந்த வலியா, மகனால வந்த வலியா சாமி? உடம்பா, மனசா?"

சாமி ஒரு வேரைத் திருப்பிப் போட்டார்.

"ஒரு கம்பங்காட்டுல பரண் மேல ஒருத்தன் தகரம் தட்டிக் காவல் காத்தான். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். கண் அசந்துட்டான். குருவிக்கூட்டம் இறங்கிப் பாதிக் காட்டை மொட்டையாக்கிருச்சு. அதுக்கப்புறம் வண்ணத்துப்பூச்சி வந்தாலும் தட்டினான். காத்துல கதிர் அசைஞ்சாலும் தட்டினான். தட்டத் தட்டத் தூக்கம் போச்சு. தூக்கம் போகப் போக இன்னும் தட்டினான்."

"ஊர்க்காரங்க சும்மாவா இருந்தாங்க?"

"வந்து பாத்தாங்க. காட்டுல ஒரு குருவி இல்ல. எதுக்குடா சும்மா தட்டுறன்னு கீழ நின்னு கத்தினாங்க. அவனுக்குப் பயம் கூடிப்போச்சு. ரெண்டு கையாலயும் தட்டினான்."

ஆவுடையம்மாள் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தச் சத்தம் பொய்யா ஆவுடையம்மா?"

"குருவிதான் இல்ல. சத்தம் நிசம் சாமி."

"தட்டினது கையா, பயமா?"

ஆவுடையம்மாள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"இடப்பக்கப் பெட்டியிலயே போட்டுருதேன் சாமி. அவன் நம்பிருவான். வீடு பிழைச்சுப் போகும்."

"போடுங்க. பங்குனி வரைக்கும் நம்புவான். தைலம் தேச்சும் வலி நிக்கலன்னா?"

"நிக்காதா?"

"குறையலாம். நிக்காமலும் போகலாம்."

ஆவுடையம்மாளுக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷ ஆஸ்பத்திரி வேலையில் எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள். இப்படிக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி அவள் ஒருநாளும் நின்றதில்லை.

"அப்ப அந்தக் காவல்காரனுக்கு யாருதான் என்ன செஞ்சாங்க?"

"யாரும் பரண்ல ஏறல," என்றார் சாமி.

அவள் வாசலுக்கு ஓடினாள். புளியமரத்தடியில் பைக்கைக் காணோம். படிக்கட்டில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பக்கத்தில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்ல இம்புட்டு நேரம்னா அது என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாதான்னுட்டுப் போயிட்டாரு," என்றாள். அழவில்லை. "துணிமணியெல்லாம் வீட்டுலயே எடுத்து வச்சிட்டுத்தான் கூட்டிட்டு வந்திருக்காரு தாயி. பைக்குள்ள என் சேலை நாலு இருக்கு. புள்ளைகிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாம வந்துட்டேன்."

அவள் கையைப் பிடிக்கப் போன ஆவுடையம்மாள், வளையல் உரசினாலே வலிக்கும் என்று அவள் சொன்னது நினைவு வந்து, தன் கையை இழுத்துக்கொண்டாள். ஆறுதலாகத் தொடக்கூட ஓர் இடம் இல்லை. அவளையும் மீறி அழுகை வந்தது.

சாமி எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"போயிட்டான் சாமி. இனி மகளைக் கண்ணுல காட்டுவானோ என்னமோ. எல்லாம் நான் எழுதுன ஒத்தச் சொல்லால."

"சொல் அவ சொன்னதுதான். பெட்டிதான் உங்களுது."

ஆவுடையம்மாள் பழைய சீட்டைக் கசக்கி முந்தானையில் முடிந்தாள். மேஜையிலிருந்து ஒரு புதுச் சீட்டை எடுத்தாள்.

"இப்ப என்ன எழுத சாமி?"

"அவ முதமுதல்ல என்ன சொன்னா?"

"எல்லா இடத்துலயும் வலிக்குன்னா."

"அதை எழுதுங்க."

"இந்தச் சீட்டு பத்தாதே. எந்த இடத்துலயிருந்து ஆரம்பிக்கட்டும்?"

"மக சிரிச்ச இடத்துலயிருந்து," என்றார் சாமி.