மூச்சு விடாத கூட்டம்

கோரைக்குட்டைக் காட்டில் சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. குயில் கூவினால், "யாருக்குச் சைகை காட்டுது?" என்று கேட்கும். மழை பெய்தால்கூட, "இதுக்குப் பின்னால யாரோ இருக்காங்க" என்று முள்ளைச் சிலிர்க்கும். அப்படி ஒரு பிறவி!

அந்தக் காட்டில் பொதுக்குதிர் ஒன்று உண்டு. எல்லாக் குடும்பங்களும் கிழங்கோ கொட்டையோ கொண்டுவந்து அதில் சேர்த்து வைக்கும். கோடை வந்தால் அனைவருக்கும் அதுதான் சாப்பாடு.

ஒருநாள் காட்டின் தலைவியான யானை கூட்டம் போட்டது.

"நம்ம பிள்ளைங்க சும்மா திரியுதுங்க. குரங்குகளுக்கும் பன்றிகளுக்கும் தினம் அடிதடி. அந்தக் கருவேலம் புதரை வெட்டி ஒரு கபடிக் களம் போடுவோம். வேலை செய்றவங்களுக்குக் குதிரிலிருந்து சாப்பாடு!"

சிலுப்பன் துள்ளிக் குதித்தது. "விளையாட்டுக்கா? நம்ம கிழங்கையா? கோடையில என் ரெண்டு குட்டிகளும் களத்து மண்ணையா தின்னும்?"

"கோடைக்குள்ள குதிர் நிறைஞ்சிடும், தம்பி."

"எப்படி நிறையும்? வானத்திலிருந்து கொட்டுமா?"

யானை சிரித்தது. சிலுப்பனுக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

களம் தயாரானது. தினமும் ஒரு புதருக்குப் பின்னால் பதுங்கி சிலுப்பன் வேவு பார்த்தது. பயிற்சி கொடுக்கும் கரடி ஒருநாள் கத்தியது:

"நல்லாக் கேட்டுக்கோங்க! உள்ளே போனவன் திரும்பி வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது! எவனாவது உள்ளே வந்தா, கையைக் கோத்துச் சங்கிலி போட்டு அமுக்கிடணும்!"

சிலுப்பன் பிறந்ததிலிருந்து கபடி பார்த்ததில்லை. கேட்டதும் விழுந்தடித்துக்கொண்டு வளைக்கு ஓடியது.

"குதிருக்குள்ள போகப் போறாங்கடி! அதை யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதாம்! தட்டிக் கேட்டா அமுக்கிடுவாங்களாம்!"

"ஐயோ, அது கபடிங்க!" என்றது மனைவி. "பாடிப் போறவன் நடுவுல மூச்சு இழுத்து விட்டா ஆட்டம் போச்சு. அதைத்தான் கரடி சொல்லியிருப்பார்."

"அடப்பாவிங்களா! உன்னையும் வளைச்சுட்டாங்களா!"

பந்தய நாள் வந்தது. ஆட்டம் பார்க்க மலைக்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக விருந்தாளிகள் இறங்கினார்கள். தேனடை, பலா, மூங்கில் அரிசி என்று சீராகச் சுமந்து வந்ததையெல்லாம் குதிரில் கொட்டினார்கள். நேற்றுவரை அடித்துக்கொண்ட குரங்கும் பன்றியும் தோளில் கைபோட்டுக் களத்துக்கு வந்தன.

"தெரியாதவங்க எதுக்குத் தேன் தர்றாங்க? வாயை அடைக்க! பகையாளிங்க எதுக்கு ஒண்ணு சேர்ந்தாங்க? கொள்ளையடிக்க! அதுக்குள்ள என் குட்டிங்க பங்கையாவது காப்பாத்தணும்!"

எல்லாரும் ஆட்டத்தில் மூழ்கியிருந்தபோது சிலுப்பன் குதிருக்குள் நுழைந்தது. ஒரு மூட்டை வள்ளிக்கிழங்கை முதுகில் கட்டிக்கொண்டது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று களத்துக்குப் பின்னால் இருந்த சேற்றுக் குட்டைக்குக் குறுக்கே இறங்கியது. மூட்டையின் கனம் அதைச் சேற்றுக்குள் அழுத்தியது. கால் போனது, வயிறு போனது, கழுத்துவரை போய்விட்டது!

"ஐயோ! காப்பாத்துங்க!"

ஆட்டம் அப்படியே நின்றது.

"சங்கிலி போடுங்கடா!" என்று கரடி அலறியது. கரடி மரத்தைப் பிடிக்க, பன்றி கரடியைப் பிடிக்க, குரங்கு பன்றியின் காலைப் பற்றிக்கொண்டு சேற்றுக்கு மேலே எட்டியது.

"முள்ளை மடக்குங்க மாமா! பிடிக்க முடியல!"

"மாட்டேன்! மடக்கினா அமுக்கிடுவீங்க!"

குரங்கு முள்ளோடு சேர்த்தே பிடித்தது. உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. பிடியை மட்டும் விடவில்லை. சேறு சிலுப்பனின் மூக்கைத் தொட்டது.

"மாமா! சேறு உள்ளே போயிடும்! நாங்க இழுக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க!"

சிலுப்பன் அந்தக் கையைப் பார்த்தது. அதற்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லா முள்ளையும் மடக்கியது. ஒரே இழுப்பு! கரைக்கு வந்து விழுந்தது.

விழுந்த வேகத்தில் மூட்டை அவிழ்ந்தது. பொதுக்குதிர் கிழங்கு கரையெங்கும் உருண்டது. சிலுப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

கரடி ஒவ்வொரு கிழங்காகப் பொறுக்கியது. பிறகு தன் அணியைப் பார்த்து மெதுவாகச் சொன்னது:

"இதைப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது."

அந்தக் கோடையில் குதிர் நிறைந்தே இருந்தது. சிலுப்பனின் குட்டிகள் மலைத்தேனை நக்கி நக்கிச் சாப்பிட்டன. களத்துக்குத் தினமும் கோடு கிழிப்பது யார் தெரியுமா? உதிர்ந்த முள்ளும் கையுமாக நம்ம சிலுப்பன்தான்! கோடு நேராக இருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும் அதற்கு இன்னும் போகவில்லை.

சேர்ந்து விளையாடிப் பழகிய ஊர்தான் ஆபத்தில் சேர்ந்து கைகொடுக்கும் என்பதால், அதற்கொரு களம் அமைக்கப் பொதுவிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒருநாளும் வீண்போகாது.