சேற்று இல்லத்துக் கீரி

மூங்கில் காட்டுக்கு நடுவே ஒரு குளம். அதன் கரையில்தான் மிருகங்களின் மந்திரப் பள்ளிக்கூடம் நடந்தது. மந்திரம் முழுக்க அந்தத் தண்ணீரில் இருந்தது. ஒரு வாய் குடித்தால்தான் சொன்னது பலிக்கும். குளம் வற்றினால் பள்ளிக்கூடமும் போச்சு.

புதிதாகச் சேருகிற பிள்ளை குளத்தில் வாலை முக்கி எடுக்க வேண்டும். நுனியில் பொறி பறந்தால் தீ இல்லம். அங்கே தைரியசாலிகள். காற்று சுழன்றால் காற்று இல்லம். அங்கே புத்திசாலிகள். வெறும் சேறு ஒட்டினால் சேற்று இல்லம். அங்கே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யாரும் கேட்டதே இல்லை. தவளைக்கு வால் ஏது என்பீர்கள். அது காலை முக்கிக்கொள்ளும்.

துடியன் என்றொரு கீரி அந்த வருஷம் வந்து சேர்ந்தான். அவன் அப்பன், பாட்டன், மாமன் எல்லாரும் தீ இல்லம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாலை முக்கினான். எடுத்தால், சேறு! உதறினான், தேய்த்தான். போகவில்லை.

"பாட்டன் பேரைக் காப்பாத்திட்டே, போ!" என்று சிரித்தான் தீ இல்லத்துத் தலைவன் அனலன். அவன் ஒரு செந்நாய்.

துடியனுக்கு அழுகை முட்டியது. "அண்ணே, நான் உங்க இல்லத்துக்கு வர ஒரு வழியும் இல்லையா?"

"பெரிசா ஒரு வீரம் காட்டு. வாத்தியார்கிட்டே நானே உன்னைக் கேட்டு வாங்கிக்கிறேன்!"

அன்றிலிருந்து துடியனுக்கு அதே நினைப்புதான்.

சேற்று இல்லத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நண்டுகள் இராத்திரியில் கரையைக் குடைந்து வளை போடும். விடிந்ததும் அந்த வளைகளைத் தேடிச் சேறு மிதித்து அடைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம். துடியனுக்குக் கிழக்குக் கரை. தீ இல்லத்துப் பிள்ளைகள் நெருப்பு ஊதிப் பழகுகிற இடமும் அதுவே. அவர்கள் கண்ணெதிரே சேறு மிதிக்க அவனுக்குக் கூச்சம். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

"தம்பி, கிழக்கே அடைச்சாச்சா?" என்று தினமும் கேட்பாள் தாழி. அவள் ஆமை, சேற்று இல்லத்துத் தலைவி.

"ஆச்சு, ஆச்சு!" என்பான்.

அவன் வார்த்தையை நம்பி அவளும் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் இராத்திரி மழை கொட்டியது. விடியும்போது கிழக்குக் கரையில் நண்டு வளை பானை வாய் அளவு பிளந்துகிடந்தது. தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாய்ந்தது.

"கரை உடையுது! ஓடியாங்க!"

தீ இல்லம் நெருப்பை ஊதியது. ஈரக் கரை சூட்டில் காய்ந்து இன்னும் வெடித்தது. காற்று இல்லம் தண்ணீரைத் திருப்பி ஊதியது. அலை எழும்பி வந்து கரையை அறைந்தது. ஓட்டை பெரிதானதுதான் மிச்சம்.

துடியன் பார்த்தான். ஒரே பாய்ச்சல்! ஓட்டைக்குள் முதுகைக் கொடுத்து நாலு காலையும் ஊன்றிக்கொண்டான். தண்ணீர் அவனை முட்டித் தள்ளியது. அவன் நகரவில்லை. தாழியும் சேற்று இல்லத்தாரும் புல்லும் சேறுமாகப் பிசைந்து அவனைச் சுற்றி அப்பினார்கள். உச்சிப்பொழுதில் தண்ணீர் நின்றது. துடியனை மெல்ல வெளியே இழுத்து, அவன் இருந்த இடத்தையும் சேறு வைத்து அடைத்தார்கள்.

"இவன்தான்டா வீரன்!" என்று குதித்தான் அனலன். "வாத்தியாரே, இவனை எங்களுக்குக் கொடுங்க!"

துடியன் ஆசைப்பட்டது கை எட்டும் தூரத்தில் வந்து நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெரிய வாத்தியாரான எறும்புதின்னி கரையை மோந்து பார்த்தார். "இது மூணு நாள் பழைய வளை. இந்தப் பக்கம் யார் பொறுப்பு?"

துடியன் வாய் திறக்குமுன் தாழி முன்னே வந்தாள். புல் அறுத்து அவள் காலெல்லாம் கீறல். "இல்லத்துக்குத் தலைவி நான். வந்து பார்க்காதது என் தப்பு. தலைமையை வேற யாருக்காவது கொடுத்திடுங்க."

"அதானே! சேற்று இல்லத்து லட்சணம் வேற எப்படி இருக்கும்?" என்றான் அனலன்.

துடியன் தாழிக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா மேல தப்பு இல்லை," என்றான். "கிழக்குக் கரை என்னுது. மூணு நாளா நான் வரவே இல்லை. வந்தேன்னு பொய் சொன்னேன். நான் அடைச்சது நான் விட்ட ஓட்டையைத்தான்."



"சீ! இந்தப் பொய்யன் எங்களுக்கு வேண்டாம்," என்று அனலன் தன் கூட்டத்தோடு நடையைக் கட்டினான்.

துடியன் தலை குனிந்து நின்றான். "அக்கா, நானும் போயிடட்டுமா?"

"எங்கே போறே?" என்றாள் தாழி. "வடக்கே ரெண்டு வளை பாக்கி இருக்கு. வா, மிதி."

 இன்னும் தாழிதான் தலைவி என்பதுபோல வாத்தியார் அவளுக்கு வழி விட்டு நின்றார்.

அடுத்த வருஷம் ஓர் அணில் வாலில் சேற்றோடு விசும்பிக்கொண்டு வந்தது. "தீ இல்லத்தில் தைரியசாலிங்க, காற்று இல்லத்தில் புத்திசாலிங்க. இங்கே யாரு இருப்பாங்க?"

காலில் காய்ந்த சேற்றோடு நின்றிருந்தான் துடியன். "கரையை மறக்காதவங்க," என்றான். "ஒரு தடவை மறந்தவனும் இருக்கான். வா, உனக்கு அவனைக் காட்டுறேன். நண்டு நமக்கு முன்னே முழிச்சுக்கும், சீக்கிரம் நட!"

ஆபத்தில் பாய்கிற வீரம் பெரிதுதான்; அந்த ஆபத்து என்னால் வந்தது என்று வாய் திறந்து சொல்லும் வீரம் அதைவிடப் பெரிது.