கை மரத்த காலை

"கை மரத்துப்போகுது டீச்சர். குருவி வந்து உட்காரும்போது கேமரா பட்டனை அழுத்த விரலே மடங்க மாட்டேங்குது" என்றார் தேவநேசன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. டீச்சர் கிரிஜாவுக்கு அதில் பாதிதான் இருக்கும். ஊட்டிப் பக்கம் பறவைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கிறவள். ஆயுசு முழுக்க மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷன், அவளிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

காரணம் ஒன்றே ஒன்று. நீலகிரி ஈப்பிடிப்பானை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அந்த நீலக் குருவிக்காகத்தான் அவர் மகன் ரூபன் அலையாய் அலைந்தான். அது கிடைப்பதற்குள் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். கேமரா அவனுடையது.

"கையுறை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அதுல விரல் நுனியை வெட்டி விட்டீங்களா?"

"வெட்டினேன். பாக்கெட்ல அவிச்ச முட்டையைச் சுடச்சுட வெச்சும் பார்த்தேன். முட்டைதான் ஆறிப்போச்சு."

"அப்புறம் அதை என்ன செஞ்சீங்க?"

"தின்னுட்டேன்."

கிரிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நாளைக்கு நானும் கூட வர்றேன்" என்றாள்.

மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாய்ப் படர்ந்து கிடந்தது. சோலைக்காட்டு ஓரம் ஒரு பாறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கிரிஜா தன் கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

தேவநேசன் தன்னுடையதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அது ஐஸ்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. அவர் பிடியை விடவேயில்லை.

கிரிஜா பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"குருவி வர்ற வரைக்கும் அதை ஏன் சார் பிடிச்சிட்டிருக்கீங்க? கையில இருக்கிற சூட்டையெல்லாம் அதுதான் குடிக்குது. கீழ வைங்க."

"வேண்டாம் டீச்சர்."

"ஏன்?"

"விட்டா ஜில்லுன்னு ஆயிடும்."

"பிடிச்சிருந்தாலும் அப்படித்தானே இருக்கு?"

தேவநேசன் கேமராவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொன்னாங்க" என்றார் கடைசியில். "விடுங்க பெரியவரேன்னு. விடியற வரைக்கும் அவன் கையைப் பிடிச்சிட்டே இருந்தேன். தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன். சூடே வரலையேம்மா!"

கிரிஜா எழுந்தாள். முக்காலியிலிருந்து தன் கேமராவைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவர் முன்னால் மண்டியிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ரூபனின் கேமராவை எடுத்து முக்காலியில் மாட்டினாள். அவர் கைகளை அவருடைய அக்குளுக்குள்ளேயே இடுக்கிவிட்டு, மேலே தன் கம்பளியைப் போர்த்தினாள். அவர் தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து எதிர்க்கிளையில் நீலமாய் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"சார், அதேதான்! விரல் மடங்குதா பாருங்க."

தேவநேசன் கம்பளிக்குள் விரலை மடக்கிப் பார்த்தார். மடங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எனக்கு மட்டும் சூடு வருதேம்மா."

"வரட்டும் சார்" என்றாள் கிரிஜா.