சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு மணி சீரியல்

தணிகாசலம் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார். வேறு யாரும் காரணமில்லை.

ஆள் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொரட்டூரில் ஒரு அடுக்குமாடி, மூன்றாவது மாடி. மனைவி இறந்துவிட்டாள். மகள் ஓசூரில். போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சு." அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. இப்போது யார் வீட்டில்தான் வருகிறது? ஆளுக்கொரு செல்போன். அதில் நிமிஷத்துக்கு ஒருத்தர் வந்து ஆடிவிட்டுப் போகிறார். சரி, அது நமக்கெதற்கு.

பக்கத்து வீட்டில் புனிதா, அவள் புருஷன், புருஷனின் அக்கா வடிவு. அம்பாசமுத்திரத்துக்காரர்கள். மாலை ஏழு மணிக்குப் பெண்கள் இருவரும் டிவி முன் உட்கார்ந்தால் சுவர் அதிரும். சீரியல் சத்தம் பாதி, வடிவு சத்தம் பாதி.

"ஏ மூதி, கதவத் தொறக்காதன்னு சொல்லுதேன்லா!" என்று கதாநாயகியை அதட்டுவாள்.

"அவளுக்குக் கேக்காது மதினி" என்பாள் புனிதா.

தணிகாசலம் வீட்டிலும் டிவி உண்டு. நல்ல டிவி. ஏழு மணிக்கு அதே சீரியலைப் போட்டு, சத்தத்தை மட்டும் சுத்தமாக அணைத்துவிடுவார். படம் இவர் வீட்டில், சத்தம் சுவர் வழியாக. வடிவு திட்டும்போது இவரும் திட்டுவார், வாய்க்குள். அந்த அரை மணி நேரம் அவர் தனியாள் இல்லை.

வெளியே சொல்வாரா? ஆம்பளை சீரியல் பார்ப்பதை எவன் சொல்வான்?

ஒரு நாள் லிஃப்டில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் முகுந்தன் கேட்டார். "சாயங்காலமெல்லாம் எப்படிப் போகுது சார்?"

"எங்க போகுது? பக்கத்து வீட்ல ஒரே சீரியல் சத்தம். மனுஷன் இருக்க முடியுதா?"

கெத்துக்குச் சொன்னது. முகுந்தன் கடமை தவறாதவர். அன்றைக்கே புனிதாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். புனிதா மரியாதை தெரிந்தவள். ஆளுக்கொரு இயர்போன் வாங்கினாள். வடிவின் வாயையும் அடக்கினாள்.

சுவர் ஊமையாகிவிட்டது. தணிகாசலம் தன் டிவியில் சத்தத்தைக் கூட்டினார். வசனம் ஒன்று விடாமல் கேட்டது. ஆனாலும் என்னவோ அடுத்தவன் வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் சும்மா சொன்னேன் என்று போய்ச் சொல்லவும் முடியாது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பார்த்தார், தனியாக.

பிறகு இன்னொரு நாள், அதே லிஃப்ட். இவர், முகுந்தன், இரண்டு பெண்கள்.

"கல்யாணத்த நிறுத்தணும்னு போலீசுக்குப் போன் போட்டது மாமனாருதான். எனக்குத் தெரியும்" என்றாள் வடிவு.

"மாமனாரா? கொழுந்தன்!" என்றார் தணிகாசலம்.

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. முகுந்தன் திரும்பிப் பார்த்தார். "சார்... நீங்க சீரியல் பாப்பீங்களா?"

தணிகாசலம் அடுத்த தளத்திலேயே இறங்கி, மிச்சத்துக்குப் படியேறிப் போனார்.

விஷயம் விளங்கிவிட்டது. முகுந்தன் மன்னிப்புக் கேட்டார். ஏழு மணி சீரியலுக்குச் சத்தம் வைக்கலாம் என்று சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டார். சத்தம் வந்தது. ஆனால் அந்த மனுஷர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று பெண்கள் வாயைத் திறக்கவில்லை. சீரியல் மட்டும் பேசியது.

மறுநாள் புனிதா அவரை வீட்டுக்கே அழைத்தாள். சோபா, காபி, அவர் பக்கம் திருப்பிய மின்விசிறி. "சத்தம் போதுமா சார்?" "போதும்மா." "சர்க்கரை?" "போதும்மா." எல்லோரும் ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் கால்வலி என்று சொல்லிவிட்டார்.

அன்று சீரியல் நடுவில் சுவரில் 'டம்' என்று ஒரு குத்து.

"ஏ ஈபி சாரே! பாத்தியளா? மாமனாரு கையில போனு! கொழுந்தனாம்லா, கொழுந்தன்!"

"மதினி, சும்மா இருங்க!" என்று புனிதா பதறுவதும் கேட்டது.

தணிகாசலம் எழுந்தார். அவரும் சுவரில் ஒரு குத்து விட்டார். "அது கொழுந்தன் போனும்மா! கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு!"

"கண்ணாடி எனக்கா? ஒமக்குத்தான் வேணும்!"

அன்றிலிருந்து தினமும் சண்டை. மனுஷர் ஆறரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு டிவி முன் உட்கார்ந்துவிடுகிறார்.

முகுந்தன் சொல்கிறார்: "நான் அனுமதி தரலைன்னா சத்தம் ஏது? சரி செஞ்சது நான்தான்." புனிதா சொல்கிறாள்: "நான் வீட்டுக்குக் கூப்பிட்டதாலதான் கூச்சம் விட்டுச்சு." வடிவிடம் கேட்டால், "நான் என்னத்தச் செஞ்சேன்? அந்த ஆளு சொன்னது தப்பு, அவ்ளோதான்" என்கிறாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தணிகாசலம் இழந்ததை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது இந்த மூவரில் யார்?

விடை: முகுந்தன் கொடுத்தது வெறும் சத்தம். அது தணிகாசலத்தின் டிவியிலேயே இருந்தது. புனிதா கொடுத்தது உபசாரம். நல்ல மனசுதான்; ஆனால் உபசாரத்தில் அவர் விருந்தாளி ஆகிவிட்டார். விருந்தாளியிடம் யாரும் சண்டை போடுவதில்லை, வீட்டு ஆளிடம்தான் போடுவார்கள். பாவம் தனியாள் என்று ஒரு நொடிகூட நினைக்காமல், தான் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்து, அவரைச் சரிக்குச் சமமாகச் சண்டைக்கு இழுத்தவள் ஒருத்திதான். வடிவு.